வெறும் மண்ணில் மூன்று மெழுகுவர்த்திகள்

அப்பா பின்னிவிட்ட சடை சாயங்காலம் வரை அவிழாது. கப்பற்படையில் பாய்லர் அறையில் வேலை பார்த்துவிட்டு, எழுபதுகளின் நடுவில் ஓய்வுபெற்று, ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்திலிருந்த எங்கள் ஊருக்கு வந்தவர் அவர். ஆட்டுக்கயிறு, அரிசி மூட்டை, என் ரிப்பன் எல்லாவற்றுக்கும் ஒரே முடிச்சுதான். சோறு வடிப்பதிலிருந்து எங்களுக்கு நகம் வெட்டுவது வரை வீட்டில் அவர் செய்யாத வேலை கிடையாது. அம்மாவுக்கு உள்ளூரப் பெருமை, வெளியே மட்டும் காட்டிக்கொள்ள மாட்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து, கடல் இவரைக் கொண்டுபோய்விடும் என்று பயந்தே வாழ்ந்தவள் அம்மா. கடைசியிலாவது அவர் காய்ந்த மண்ணில், அவளைப் பெற்றவர்கள் பக்கத்தில் படுக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கி வைத்திருந்தாள்.

நவம்பரில் கல்லறைத் திருநாளன்று தாத்தா பாட்டி கல்லறைகளுக்குச் சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். அப்பா மட்டும் யாரையும் புதைக்காத ஒரு மூலைக்குப் போய், வெறும் மண்ணில் மூன்று ஏற்றுவார். பாய்லர் அறைத் தீயில் செத்துப்போன மூன்று கூட்டாளிகளுக்காக. கரை வெகுதூரம் என்பதால் உடல்களைக் கித்தான் துணியில் சுற்றிக் கடலிலேயே இறக்கிவிட்டார்களாம். கயிறு கட்டியது அப்பா. அதைக் கேட்ட பிறகு கொஞ்ச நாள் என் சடையை நானே பின்னிக்கொண்டேன்.

மலைக்காற்றில் எங்கள் மெழுகுவர்த்திகள் அணைந்துகொண்டே இருக்கும். அந்த மூன்றும் ஆடாமல் எரியும். மதில் மறைக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனால் அந்த மூலையில் மதில் இடிந்து பல வருடமாகியிருந்தது.

எங்கள் ஊரில் வெறும் மண்ணில் மெழுகுவர்த்தி ஏற்றினால், அந்த இடத்தைத் தன் குடும்பத்துக்குப் பிடித்து வைப்பதாக அர்த்தம். அம்மாவின் பயம் அதுதான். ஒரு வருடம் அப்பா அங்கே நின்று, மெதுவாக, "வர்றேன், வர்றேன்" என்று சொல்வது அம்மா காதிலும் என் காதிலும் விழுந்தது.

"யாருகிட்டங்க வர்றேன்னு சொல்றீங்க?"

"கூப்புடுறாங்க. பதில் சொல்லாம இருக்க முடியுமா?"

"புள்ளைங்க இருக்கிற வூடுங்க. இனிமே அங்க ஏத்தாதீங்க."

தலையை ஆட்டினார். அடுத்த வருடமும் ஏற்றினார்.

கிணறெல்லாம் வற்றிக் கிடந்த ஒரு பங்குனியில், காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோதே நாற்காலியில் சாய்ந்து இறந்துபோனார். கோயில் பூசை முடிந்து பெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தோம். குழி அந்த மூலையில் வெட்டப்பட்டிருந்தது.

குழி வெட்டியவர் கையைப் பிசைந்தார். "ஐயா வருசா வருசம் இங்கதானம்மா ஏத்துவாரு. பார்த்து வெச்ச எடம்னு நெனச்சிட்டேன்."

குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர். ஊரே குடிதண்ணீருக்கு அலைந்துகொண்டிருந்த மாதம் அது. குழி வெட்டியவர் விரலை நனைத்து நாக்கில் வைத்துக் காட்டினார். "உப்புக் கரிக்குதும்மா."

அம்மா அசரவில்லை. "மூடுங்க அத. எங்கப்பா பக்கத்துல வெட்டுங்க" என்றாள். வெயிலில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டாவது குழி வெட்டி முடிக்கும் வரை எல்லோரும் காத்திருந்தோம். உள்ளே மண் புழுதியாக இருந்தது. அம்மா அதைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் இறக்கவிட்டாள்.

நவம்பர் வந்தது. அப்பாவின் கல்லறையில் அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள், அணைந்தது. மறுபடி ஏற்றினாள். தீப்பெட்டியே காலியாகும்போல இருந்தது.

"இங்க இல்ல அவரு" என்றாள்.

எழுந்து அந்த மூலைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். சுற்றிலும் தரை காய்ந்திருக்க, மூடிய குழியின் மண் மட்டும் ஈரமாக இருந்தது. மூன்று ஏற்றினாள். பிறகு மடியிலிருந்து இன்னொன்றை எடுத்து ஏற்றி, அவற்றோடு ஒட்டி நிறுத்தினாள். எனக்குப் பயமும் அழுகையும் சேர்ந்து வந்தன. காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. நான்கும் ஆடாமல் எரிந்தன.