நாத்தனார் திருப்பித் தராத பென் டிரைவ்

எங்கள் கே.கே. நகர் வீட்டில் கம்ப்யூட்டர், டிவி, செல்போன் மூன்றிலும் ஒரே பாட்டுத் தொகுப்புதான். ஒன்றில் அழித்தால் மற்றவற்றிலும் அழியும் என்பது எனக்குத் தெரியாது. டிவியில்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில், கம்ப்யூட்டரில் இடம் வேண்டி எல்லாவற்றையும் அழித்தேன். டிவியும் காலி, செல்போனும் காலி! கல்லூரிக்குப் போகும் என் மகள் மூன்று வயதில் மழலையாகப் பாடிய பதிவும் போய்விட்டது.

அழுதுகொண்டே ஸ்ரீரங்கத்திலுள்ள நாத்தனாருக்குப் போன் செய்தேன்.

"அழாதீங்க அண்ணி. திருப்பிக் கொடுன்னு ரெண்டு வருஷமா கேக்குறீங்களே, அந்த பென் டிரைவ்ல எல்லாம் இருக்கு. பாப்பா பாட்டு கேட்டுக்கிட்டேதான் தினமும் சமைக்கிறேன்" என்றாள்.

அதைத் திருப்பித் தராததற்காக அவளை எவ்வளவு திட்டியிருப்பேன்! உடனே பஸ் பிடித்துப் போய், அவளைக் கட்டிக்கொண்டேன்.

இப்போது புதுப் பாட்டு சேர்த்தால், ஒரு நகல் அவளுக்குப் போய்விடும். திருப்பித் தரவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.