பிள்ளைக் காம்பராவில் ஒரு பெரிய ஆள்

தேயிலை விலை விழுந்த மூன்றாம் வருஷம், பந்தலூருக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன. இளசுகள் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். வீரம்மாவின் மகளும் அங்கேதான், பனியன் கம்பெனியில். போகாதவர்களுக்கு வாரத்தில் நாலு நாள் வேலை. காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடும்போது ஆள் நிற்க வேண்டும். எஸ்டேட் பதிவில் பேர் இருக்கிறவரைக்கும்தான் வீடு.

வீரம்மாவின் வீட்டில் மிச்சமிருந்தது அவள் பேர் ஒன்றுதான். கணவர் மூக்கனின் பேரைப் போன வருஷமே அடித்துவிட்டார்கள். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுவதில் கெட்டிக்காரர். ஒரு நாள் வெட்டிக்கொண்டிருந்த இடத்திலேயே மயங்கி விழுந்தார். கை கால் தேறியது, புத்தி தேறவில்லை. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதை மறந்து, அங்கே ஓடிய அட்டன் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டே ரோட்டுக்கு இறங்கிவிடுவார். யானை நடமாடும் ரோடு.

அதனால் வீரம்மா அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள். ஒரு நாள் வீட்டிலிருந்து புகை வந்தது. அடுப்பு என்று நினைத்துப் பாயைப் பற்றவைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டை உடைத்து அவரை வெளியே இழுத்தார்கள். அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த சூப்பர்வைசர் லிங்கசாமி லயத்துக்கே வந்தார். திங்கட்கிழமை நிற்காவிட்டால் பேர் போய்விடும் என்று, அவள் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மூக்கனின் இடுப்பில் ஒரு பழைய சேலையைக் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போனாள். குழாயடியில் வேலாயி நின்றிருந்தாள். எஸ்டேட்டின் பிள்ளைக் காம்பராவில் ஆயா அவள். தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது குழந்தைகளை அங்கேதான் விட்டுப்போவார்கள். இருபது தொட்டில் ஆடிய அறையில் இப்போது மூன்று.

நாளைக்கு என்ன செய்யப் போகிறாய் என்று வேலாயி கேட்டாள்.

"என்ன செய்ய? இவரைப் பாத்துக்க ஒரு ஆளும் இல்லையே."

"இத்தன நாளா பாத்தது யாரு?"

பெண்டாட்டி செய்வதை ஒரு வேலை என்று வீரம்மா நினைத்ததே இல்லை.

"மூணு புள்ளையப் பாக்க எனக்குச் சம்பளம் இருக்கு, லீவு இருக்கு. நாலு மணிக்குக் கதவச் சாத்திட்டுப் போயிருவேன். உனக்கு எப்பம்மா கதவு சாத்துறது?" வேலாயி குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "காலையில கூட்டிட்டு வா. எஸ்டேட் துரை கேட்டா நான் பேசிக்கிறேன். காம்பராவையே எப்ப மூடுவாங்கன்னு தெரியாது. மூடுற வரைக்கும் இருக்கட்டும்."

திங்கட்கிழமை காலை, மூத்த பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டாயா என்று கொழுந்துக்காரி ஒருத்தி கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. மூக்கன் காம்பரா வாசலில் நின்று வீரம்மாவின் முந்தானையை விடமாட்டேன் என்றார். விரல் விரலாகப் பிரித்தாள். அவர் அழுத சத்தம் பெரட்டுக்களம் வரைக்கும் கேட்டது. பேர் கூப்பிட்டபோது கையைத் தூக்கினாள். லிங்கசாமி பார்த்து எழுதிக்கொண்டார்.

மத்தியானம் கொழுந்தை எடை போட்டுவிட்டுக் காம்பராவுக்கு ஓடி வந்தாள். மூக்கன் தரையில் உட்கார்ந்து ஒரு தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் சோறு காய்ந்திருந்தது. அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரும்மா நீ?"

முன்பென்றால், உங்கள் பெண்டாட்டிதான் என்று சொல்லி அழுதிருப்பாள். இப்போது முந்தானையை நனைத்து அவர் கன்னத்தைத் துடைத்தாள்.

"உங்களப் பாத்துக்கிற ஆளு," என்றாள். "நாலு மணிக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்."