நாலாவது வாசர்

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் கொடிகாமத்தில் ஒரு மெக்கானிக்கிடம் போய்வந்தேன். ஒடிசலான மனிதர். எதைக் கழற்றினாலும் முதலில் விரலில் தொட்டு மணந்து பார்ப்பார்.

என் பழைய பிக்கப்பின் கிளச் மிதி நாலாம் முறையாகத் தரையோடு ஒட்டிக்கொண்டது. அதற்கு விடும் பிரேக் ஒயில் எங்கும் கிடைக்காததால் தேங்காயெண்ணெய் விட்டிருந்தோம். கிளச் சிலிண்டருக்குள் அவர் வட்டமாக வெட்டிப் போட்ட ரப்பர் வாசர் இந்த முறையும் எண்ணெயில் ஊதிக் கிழிந்திருந்தது. அவர் எண்ணெயை மணந்து பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் புதிதாக ஒன்று வெட்டிக்கொண்டு வந்தார்.

“மனிசிக்கு இது பிள்ளை பிறக்கிற மாதம். ஆஸ்பத்திரிக்குப் போக உந்த வாகனம்தான் அண்ணை. இது பிடிக்குமோ?”

“பிடியாது தம்பி.”

“பிறகேன் போடுறியள்?”

“வேறை என்னத்தைப் போட?”

எனக்குக் கோபம் வந்தது. அவர் பூட்டி முடித்ததும் ஏறி உட்கார்ந்தேன். பற்றரியும் செத்திருந்ததால் அவர்தான் பின்னால் நின்று தள்ளினார். வண்டி கிளம்பியதும் கண்ணாடியில் பார்த்தேன். அவர் குனிந்து, கழன்ற ரப்பர் செருப்புகளை எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு செருப்பின் குதியிலும் இரண்டிரண்டு வட்ட ஓட்டைகள்.

ஐந்தாவது வெட்ட இடமிருக்கவில்லை.