மாங்குளத்துக்கு ஒரு லொறி

அறுபதுகளில் கிளிநொச்சித் தபால் கந்தோரில் ரெலிபோன் ஒப்பறேற்றர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். "பொம்பிளைப் பிள்ளைக்கு உந்த வேலை என்னத்துக்கு?" என்று எங்கள் விவசாயக் குடியேற்றத்தில் கேட்டார்கள். அப்பா சைக்கிளில் ஏற்றிக்கொண்டுபோய் என்னைக் கந்தோர் வாசலில் இறக்கிவிட்டு, அங்கேயே நின்றார்.

வவுனியாவுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும், அதுதான் பரீட்சை. வெளியே நல்ல மழை, லைனில் ஒரே இரைச்சல். "நெல் ஏற்ற லொறியை நாளைக்கு மாங்குளத்துக்கு அனுப்புங்கோ" என்றேன். அந்தப் பக்கத்து அதிகாரி, "சரி, விளங்கிச்சு" என்றார்.

எனக்கு றிசீவரை வைக்க மனம் வரவில்லை. வாய்க்கால் தண்ணீர் திறக்கும்போது நாங்கள் வயலுக்கு வயல் கூப்பிட்டுச் சொல்வோம். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லும்வரை சொன்னவர் வரம்பை விட்டு அசையமாட்டார். அந்தப் பழக்கத்தில், "ஐயா, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்கோ" என்றுவிட்டேன்.

பக்கத்தில் இருந்த பரீட்சகர் நிமிர்ந்து பார்த்தார். அதிகாரியையே ஒப்புவிக்கச் சொல்கிற பெட்டை! வேலை போச்சு என்று நினைத்தேன்.

வவுனியா அதிகாரி திருப்பிச் சொன்னார். லொறி இருந்தது, மாங்குளம் இல்லை. மறுபடி சொன்னேன். முழுதாகத் திரும்பி வந்த பிறகுதான் வைத்தேன்.

"உப்பிடித் திருப்பிக் கேக்க எங்கை பழகினீர்?" என்றார் பரீட்சகர்.

"வயலிலை, ஐயா."

"அடுத்த கிழமை வேலைக்கு வாரும்."

வெளியே ஓடிவந்து, "அப்பா, வேலை தந்திட்டினம்" என்றேன்.

"திருப்பிச் சொல்லு, பிள்ளை" என்றார் அப்பா.

அவருக்கு முதல்தரமே வடிவாகக் கேட்டிருந்தது. ஆனாலும் றோட்டில் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்க, வயலில் கூப்பிடுகிற குரலில் சொன்னேன்.