எண் இல்லாத மனு

கடலூரில் வீடு, சிதம்பரத்தில் வேலை. தாலுகா அலுவலகத்தின் உதவித்தொகைப் பிரிவில் எழுத்தராகப் பல வருடங்கள் பஸ்ஸில் போய் வந்தேன். முதியோரும் விதவைகளும் தரும் மனுக்களைப் பதிவேட்டில் ஏற்றி, எண் எழுதிய சீட்டைக் கையில் கொடுப்பதுதான் முறை. தெரிந்தவர் மூலம் வரும் மனுக்களை மட்டும் நாங்கள் உடனே பதிய மாட்டோம். அவை மேசை டிராயரில் தனியாகக் கிடக்கும். அதிகாரியின் கையெழுத்து விழுந்த பிறகுதான், பதிவேட்டில் முன்பே காலியாக விட்டிருக்கும் வரியில் ஏற்றி எண் போடுவோம். வரிசையை முந்தியது பதிவேட்டில் தெரியக்கூடாதல்லவா? இதற்காக யாரிடமும் காசு வாங்கியதில்லை. அதனாலேயே அதை உதவி என்று நினைத்திருந்தேன்.

2011இல் மகள் பிளஸ் டூ முடித்தாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவர் யாருமில்லை. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் பொறியியல் கட்டணத்தில் சலுகை உண்டு. அது இல்லாமல் அவளை அந்தப் படிப்பில் சேர்க்க என் சம்பளம் போதாது.

கடலூர் தாலுகா அலுவலகத்தில் நீண்ட வரிசை. மகள் அதில் நிற்கப் போனாள். நான்தான் அவளை இழுத்துக்கொண்டு உள்ளே, எனக்குத் தெரிந்த எழுத்தரிடம் போனேன்.

“என்னக்கா, உங்க பொண்ணு வரிசையில நிக்கிறதா? குடுத்துட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்” என்று அவர் டிராயரைத் திறந்தார்.

இரண்டு வாரம் கழித்து மகளோடு போனபோது அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தார். பழையவர் பண்ருட்டிக்கு மாற்றலாகியிருந்தார்.

“மனு நம்பர் சொல்லுங்கம்மா.”

“நம்பர் இல்ல சார். அவுங்க கையில குடுத்தோம்.”

“அப்ப அவுங்க கையிலதான் கேக்கணும்” என்றவர், டிராயரை முழுதாக வெளியே இழுத்துக் காட்டினார். காலி. “நீங்களும் டிபார்ட்மென்ட்தானே. நம்பர் இல்லாத மனுவ நான் எங்க போய்த் தேடுறது?”

சீட்டைத் தொலைத்துவிட்டு என் ஜன்னலில் வந்து நின்றவர்களிடம் நானும் இதையேதான் கேட்டிருக்கிறேன்.

பண்ருட்டிக்குப் போன் செய்தேன். “உள்ளதான்கா இருந்துச்சு. சாவியக் குடுத்துட்டு வந்துட்டேன்” என்றார்.

புது மனு கொடுத்தால் விசாரணை முடிய ஒரு வாரம் ஆகும். சென்னையில் கவுன்சிலிங் மறுநாள். நாங்கள் போகவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரை மகள் கூடவே நடந்து வந்தாள். பிறகு, “அன்னிக்கு நான் வரிசையிலயே நின்னிருப்பேம்மா. நீதான் இழுத்த” என்றாள்.

கடலூரிலேயே கணிதம் படிக்கச் சேர்ந்தாள். அதன்பின் ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

கவுன்சிலிங் தவறிய அடுத்த திங்கட்கிழமையே, சிதம்பரத்தில் என் டிராயரில் கிடந்தவற்றை எல்லாம் பதிவேட்டில் ஏற்றினேன், வரிசையின் கடைசியில். “என்னக்கா, திருந்திட்டீங்களா?” என்று பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். நான் பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். யாரை முந்தி யார் போனார்கள், யார் எவ்வளவு நாள் காத்துக் கிடந்தார்கள் என்று தேடினேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாதபடி எழுதியவள் நான்தானே.