அட்டைக்கடியும் அண்ணனின் இடுப்பும்

மதுரையில் எலும்பு டாக்டர் என் அண்ணனிடம் முதலில் கேட்டது இடுப்பைப் பற்றி அல்ல.

“ஒடம்புல எங்கயாச்சும் புண் இருக்கா?”

“ஒண்ணுமில்லங்க” என்றார் அண்ணன். பக்கத்தில் நின்ற நானும் “இல்லை டாக்டர்” என்றேன். அப்போது நான் மதுரையில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தேன். கேட்டதைச் சரிபார்க்காமல் அச்சுக்கு அனுப்பக் கூடாது என்பது எங்கள் வேலையின் முதல் பாடம். அன்று நான் சரிபார்க்கவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. அண்ணனுக்கு நாற்பத்தெட்டு வயது. ஆடலூரில் ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டம், நிழல் மரங்களில் மிளகுக் கொடி. இரண்டு வருடங்களுக்கு முன்பு மிளகு பறிக்கும்போது ஒற்றை மூங்கில் ஏணியிலிருந்து விழுந்து, இடுப்பு மூட்டை ஒட்டித் தொடை எலும்பு முறிந்தது. பச்சிலை வைத்துக் கட்டினார்கள். எலும்பு சேரவில்லை. அதிலிருந்து கம்பை ஊன்றி இடது காலை இழுத்துத்தான் நடந்தார். எங்கள் தோட்டம் முழுக்கச் சரிவு. கம்பு ஊன்றி நடப்பவரால் அதில் பத்தடி இறங்க முடியாது. அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கீழே பறிப்பவர்களைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். முறிந்த எலும்பின் தலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எஃகு உருண்டையைப் பொருத்துகிறார்கள் என்று கேள்விப்பட்டு, நான்தான் ஊருக்குப் போய் அவரை அழைத்து வந்தேன்.

டாக்டர் அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிவிட்டு, விரலிடுக்குகளைப் பிரித்துப் பார்த்தார். கணுக்காலைச் சுற்றிக் கறுப்பாகப் பக்குக் கட்டிய புள்ளிகள். சிலவற்றை அண்ணன் சொறிந்து ஈரமாக்கியிருந்தார். டாக்டர் வாய்விட்டு எண்ணினார். பதினொன்று.

“இதெல்லாம் என்ன?”

“அட்டை கடிச்சதுங்க.”

“நான் புண் இருக்கான்னுதானே கேட்டேன்?”

“அட்டை கடிச்சதெல்லாம் புண்ணாங்க? மழைன்னா அட்டை இருக்கத்தான செய்யும்.”

டாக்டர் என்னிடம் திரும்பினார். “நீங்களும் அதே ஊரா? செருப்பைக் கழட்டுங்க.”

என் காலில் நான்கு இருந்தன.

அண்ணன் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அரிவாள் பட்டால் அது புண். முள் குத்திச் சீழ் வைத்தால் அது புண். அட்டைக்கடி அந்த வரிசையில் சேராது. ஐப்பசி மழையில் காப்பிச் செடிக்குள் போய் வருகிறவர்கள் உப்பு முடிச்சைக் கம்பு நுனியில் கட்டிக் காலில் தொட்டுத் தொட்டு அட்டையை உதிர்ப்பார்கள். அவசரத்தில் கையால் பிய்த்து எறிவதும் உண்டு. பிறகு அரிக்கும், மண் படிந்த நகத்தால் சொறிவார்கள், சுண்ணாம்பு தடவுவார்கள், மறுநாள் மறுபடி போவார்கள். அதைப் போய் ஒரு டாக்டரிடம் சொல்வது, வெயிலில் வியர்த்தது என்று புகார் செய்வது போல.

டாக்டர் பொறுமையாகவே சொன்னார். “சொந்த எலும்புல ரத்தம் ஓடுது. கிருமி வந்தா ஒடம்பு சண்டை போடும். இரும்புல ரத்தம் ஓடாது. கிருமி அங்க போய் ஒட்டிக்கிச்சுன்னா ஊசி போட்டும் வெரட்ட முடியாமப் போகலாம். அப்புறம் உருண்டையக் கழட்டித்தான் ஆகணும். கழட்டினா இப்ப நடக்கிற நடையும் இருக்காது. எல்லாப் புண்ணும் ஆறிப் புதுத் தோல் மூடட்டும். அப்ப வாங்க.”

ஊருக்குத் திரும்பினால் அந்தப் பதினொன்றும் ஆறுவதற்குள் இன்னும் இருபது வரும். மழை தையில்தான் ஓயும். ஒட்டன்சத்திரத்தில் தங்கை வீடு இருந்தது. அங்கே அட்டை கிடையாது. ஆனால் ஐப்பசி முடிந்தால் காப்பிப் பறிப்பு. ஊருக்கு வந்து சேர்ந்ததும் அண்ணன், தோட்டத்தை விட்டு நகர மாட்டேன் என்றார்.

“நான் அங்க போய் ஒக்காந்துட்டா இங்க சோலிய யார் பாக்குறது?”

“நீங்க இங்கயும் ஒக்காந்துதான இருக்கீங்க” என்றார் அண்ணி. “அந்தச் சத்தத்த நான் போட்டுக்கிறேன். காப்பிப் பழம் அடுத்த வருசமும் பழுக்கும். காலு பழுத்தா என்ன செய்வீங்க?”

அண்ணன் ஜீப் ஏறினார். தங்கையின் கணவர் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் மண்டி வைத்திருந்தார். வாசலிலேயே வரவேற்றார்: “மச்சான், ஆடலூர்ல இருந்து காப்பி வரும், மொளகு வரும். சொத்தையோட வர்ற மொதச் சரக்கு நீங்கதான்.”

“ஏலே மாப்ள, ஒன் மண்டித் தக்காளிய விட நான் நல்லாத்தான் இருக்கேன்” என்றார் அண்ணன்.

தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி, சுத்தமான துணியில் ஒற்றி, அவர் சொறியாமல் உட்கார்ந்திருந்தது ஒரு மாதம். வேலை செய்யாமல் இருந்ததைவிடச் சொறியாமல் இருந்ததுதான் கஷ்டம் என்று பின்னால் சொன்னார்.

கார்த்திகைக் கடைசியில் ஆபரேஷன் நடந்தது. அந்த வார்டில் வாரக்கணக்கில் இருந்ததில் ஒன்றைப் புரிந்துகொண்டேன்: அங்கே எல்லோரும் பயந்தது வலிக்கு அல்ல, ஈரத்துக்கு. நர்ஸ் காலையில் கட்டைப் பிரித்ததும் முதலில் பார்ப்பது துணியில் கசிவு இருக்கிறதா என்று. பிறகு தையலைச் சுற்றிச் சிவந்திருக்கிறதா, தொட்டால் சுடுகிறதா, குறைந்துவந்த வலி திடீரென்று கூடுகிறதா. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் கட்டுத் துணியில் ஒருநாள் மஞ்சளாக ஈரம் தெரிந்தது. அன்றே அவரைத் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். அண்ணன் அந்தக் காலிக் கட்டிலை நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு நர்ஸ் சொன்ன எதையும் அவர் மறுத்துப் பேசவில்லை.

பழனியிலிருந்து வந்த உறவினர் ஒருவர் விபூதிப் பொட்டலத்தோடு கட்டின் பக்கம் கையை நீட்டினார். நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நெத்தியில பூசுங்க. தையல்ல பூசாதீங்க. ரெண்டும் நல்லா இருக்கும்.” உறவினர் சிரித்துவிட்டு நெற்றியில் பூசினார்.

தையல் காய்ந்த வடுவோடு அண்ணன் பங்குனியில் ஆடலூர் போய்ச் சேர்ந்தார். வைகாசியில் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சரிவில் முப்பதடி இறங்கி ஏறினார்.

டாக்டர் கடைசியாகச் சொல்லி அனுப்பியதை அண்ணி மனப்பாடமாக வைத்திருந்தார். தையல் ஆறினாலும் ஆபத்து முடிந்துவிடவில்லை. சொத்தைப் பல், கட்டி, காலில் சின்னப் புண், எதிலிருந்தும் கிருமி ரத்தத்தின் வழியே உருண்டைக்குப் போகலாம். எதையும் அன்றைக்கே காட்ட வேண்டும். மழை தொடங்கியதும் அண்ணி ஓர் ஏற்பாடு செய்தார். தோட்டத்துக்குள் போகுமுன் புகையிலை ஊறவைத்த எண்ணெயைக் காலில் பூசுவது. சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே முக்காலியில் காலைத் தூக்கி வைத்து, வெந்நீரில் கழுவி, விரல் விரலாகப் பார்ப்பது.

“மாட்டுக்கு லாடம் பாக்குற மாதிரில்ல பாக்குறா” என்று அண்ணன் என்னிடம் முறையிட்டார்.

“மாடு சும்மா நிக்கும் தம்பி” என்றார் அண்ணி.

ஆவணியில் அண்ணியின் தம்பி மகளுக்கு ஆயக்குடியில் கல்யாணம். அண்ணி ஐந்து நாள் போய்விட்டுத் திரும்பியபோது அண்ணன் கம்பளியைப் போர்த்திப் படுத்திருந்தார்.

“சளிக் காய்ச்சலு” என்றார்.

அண்ணி கம்பளியைக் கால் பக்கம் தூக்கினார். இடது பாதம் வீங்கி, சிவப்பு கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது. கணுக்காலில் சொறிந்த அட்டைக்கடி, அதன்மேல் சுண்ணாம்பு.

“எத்தன நாளா?”

“நேத்துத்தான்.”

“நேத்து வந்த வீக்கம் இம்புட்டு ஏறுமா? எந்திரிங்க.”

“ஒரு நாள் பாப்போம்…”

“பாத்தாச்சு.”

காப்பி மூட்டை ஏற்றியிருந்த ஜீப்பில் மூட்டையை இறக்க வைத்து அவரை ஏற்றினார். மண்டி டெலிபோனிலிருந்து எனக்கு டிரங்க் கால் வந்தது. “தம்பி, நாளைக்கு வெள்ளனே பஸ் ஏறுறோம். டாக்டர்கிட்டச் சொல்லி வைங்க. இடுப்புல வலி இல்லைங்குறாரு. நான் நம்பல.”

டாக்டர் பாதத்தைப் பார்த்தது அரை நிமிடம். இடுப்பைப் பார்த்தது அரை மணி நேரம். வடுவைத் தடவினார், காலை மடக்கித் திருப்பினார், குதிகாலில் தட்டினார், படம் எடுக்க அனுப்பினார். பென்சிலின் ஊசி தொடங்கியது. இரண்டு நாள் காய்ச்சல் இறங்கவில்லை. அண்ணன் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை தானே இடுப்பை அமுக்கிப் பார்த்துக்கொண்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. வீக்கம் வடிந்தது. வடு காய்ந்தே இருந்தது.

“கிருமி காலோட நின்னுருச்சு” என்றார் டாக்டர். “இன்னும் ரெண்டு நாள் வீட்டுல கெடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குத் தெரியாது.” தெரியாததைத் தெரியாது என்கிற மனிதர் சொல்லும் மற்றதையும் நம்பலாம். நாங்கள் நம்பினோம்.

அந்த உருண்டையோடு அண்ணன் பல காப்பிப் பறிப்புகளை நின்றுகொண்டே பார்த்தார். வருடம் ஒருமுறை மதுரைக்கு வந்து காட்டிவிட்டுப் போவார். அடுத்த வருடம் ஐப்பசியில் வந்தபோது நானும் உடன் போனேன். டாக்டர் அதே கேள்வியைக் கேட்டார்.

“ஒடம்புல எங்கயாச்சும் புண் இருக்கா?”

“மூணுங்க” என்றார் அண்ணன். “ரெண்டு காஞ்சிருச்சு. ஒண்ணு முந்தாநேத்து கடிச்சது, கழுவி வச்சிருக்கு.”

“நாலு” என்றார் அண்ணி. “குதிகாலுக்குப் பின்னால ஒண்ணு இருக்கு. அது அவருக்குத் தெரியாது.”

டாக்டர் குனிந்து குதிகாலைத் திருப்பிப் பார்த்தார்.