சித்தி கொண்டுவந்த தண்ணீர்

இன்று காலை காஜா பெராங் மண்டபத்தில், முதல் கேள்வியே இதுதான்: "தங்கச்சி, கடைசியில என்னா விக்கப் போறீங்க?"

கேட்டவர் பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து வந்த குமார் அண்ணன். மகளின் கையை இறுகப் பிடித்திருந்தார்.

"ஒண்ணும் விக்கலண்ணே. குடும்பத்தோட விளையாடுற அறிவியல் புதிர். ஃப்ரீ."

"ஃப்ரீயா? அப்ப பெருசா ஏதோ இருக்குலா."

(எல்லோரும் சிரித்தார்கள். புதிர்களை வைத்திருந்த மேசையை மட்டும் யாரும் தொடவில்லை.)

சுதந்திர மாதம். தலைக்கு மேல் கொடித் தோரணம். கீழே, கைகட்டி நிற்கும் குடும்பங்கள்.

அவர்களை அழைத்து வந்தது என் சித்தி. சித்தி வீடு வீடாகப் போய்த் தண்ணீர் ஃபில்டர் விற்பவர். எப்படி விற்கிறார் என்று நான் கேட்டதில்லை.

முதல் புதிர் எளியது. இரண்டு குவளைகளில் தெளிந்த நீர். ஒன்றில் மட்டும் யாரும் அறியாமல் உப்பைக் கரைத்திருந்தேன். பேட்டரியோடு இணைத்த இரும்பு ஆணிகளை உள்ளே விட வேண்டும். என்ன நடக்கிறது, ஏன்? குடும்பமாகச் சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டும்.

குமார் அண்ணனின் மகள் யாழினி கையை உருவிக்கொண்டு வந்தாள். ஆணிகளை விட்டாள்.

ஒரு குவளையில் ஒன்றுமில்லை.

மற்றதில் நுரை. பிறகு பழுப்பு. பிறகு சேறு.

குமார் அண்ணன் முன்னால் வந்தார்.

"இதேதான் எங்க வீட்டுல உங்க சித்தி காட்டுனாங்க. பைப்புத் தண்ணி இப்படி ஆச்சு. ஃபில்டர் தண்ணி அப்படியே இருந்துச்சு. இந்தக் கப்புல பைப்புத் தண்ணியா?"

"இல்லண்ணே. ரெண்டும் ஒரே தண்ணி."

"எங்க புடிச்சது?"

நான் தயங்கினேன். பின்னாலிருந்து சித்தியே சொன்னார்: "என் வீட்டு ஃபில்டர்ல. நான்தான் கொண்டாந்தேன்."

யாழினி ஆணியை எடுத்துப் பார்த்தாள். "ப்பா, ஆணி அரிச்சிருக்கு. அழுக்கு இதுலேருந்துதான் வருது. தண்ணியிலேருந்து இல்ல."

"அப்ப அந்தக் கப்புல ஏன் வரல?"

நான் உப்பை நீட்டினேன். அவளே போட்டு, ஆணிகளை மறுபடி விட்டாள். தெளிவாக இருந்த குவளையும் மெல்லப் பழுப்பானது.

"ஏதாச்சும் கரைஞ்சிருந்தாத்தான் கரண்டு நல்லா ஓடும். பைப்புத் தண்ணியில கொஞ்சம் தாது உப்பு எப்பவும் இருக்கும். அது அழுக்கு இல்லண்ணே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சித்தியிடம் திரும்பினார்.

"அக்கா, தெரிஞ்சேதான் செஞ்சீங்களா? உங்கள நம்பி எங்க அம்மாவையும் வாங்க வச்சேன்."

"எனக்குச் சொல்லிக் குடுத்ததத்தான் செஞ்சேன் தம்பி."

அந்தப் பதிலில் 'தெரியாது' என்ற சொல் இல்லை. நான் கவனித்தேன். அவரும் கவனித்திருப்பார்.

அதன்பிறகு மற்றப் புதிர்களை யாரும் சீண்டவில்லை. எல்லோருக்கும் ஆணியும் உப்பும்தான் வேண்டும். வரிசையில் சித்தியும் நின்றார். தானே செய்து பார்த்தார். முகத்தில் எதுவும் இல்லை.

திரும்பும்போது காரில் சொன்னார்: "நாளைக்குச் செங் பக்கம் ஒரு வீட்டுல டெமோ."

"இன்னும் போறீங்களா சித்தி?"

"வரேன்னு சொல்லிட்டேன்லா."

சிறிது தூரம் போனதும், சாலையைப் பார்த்தபடியே கேட்டார்: "உப்பு ஒரு சிட்டிகை போதும்தானே?"

"போதும்."

ஃபில்டர் தண்ணீரில் போட்டால், அந்த வீடு உண்மையைப் பார்க்கும். குழாய்த் தண்ணீரில் போட்டால், பொய் இன்னும் கறுப்பாகத் தெரியும்.

எதில் என்று நான் கேட்கவில்லை.

நீங்கள் கேட்டிருப்பீர்களா?